எழுபத்திரண்டில் வந்த பேருந்து

“எழுபத்திரண்டா?” என்று கேட்டார் அப்பா.

“ஆமாப்பா. மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர்.”

“ஊருக்குள்ளயா?”

“கணக்குல ஊரெல்லாம் கிடையாதுப்பா.”

“குழந்தை குறுக்க ஓடுதுன்னு எழுதியிருக்கே. குழந்தை ஓடினா அது ஊருக்குள்ளதான். ஊருக்குள்ள எழுபத்திரண்டுல வர்றவன் ஒரு டிரைவரா? அவனுக்கு யாரு லைசன்ஸ் குடுத்தா?”

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் காகிதத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். சாப்பாட்டு மேசைமேல் அவள் வைத்திருந்த காகிதத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘பத்தாயிரம் கிலோ நிறையுள்ள ஒரு பேருந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. ஓட்டுநர் பிரேக் பிடிக்கிறார். குழந்தைமேல் படாமல் பேருந்து நின்றுவிடுகிறது. பேருந்து இழந்த இயக்க ஆற்றல் எவ்வளவு? அது எங்கே போனது?’

வேறு யாராவது அப்பாவாக இருந்தால் கணக்கைப் பார்த்திருப்பார். இந்த அப்பா பேருந்து ஓட்டுநர். அவர் ஓட்டுநரைப் பார்த்தார்.

டிப்போவில் அவருக்கு ஆமை என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். நாம் கொஞ்சம் மரியாதை சேர்த்து ஆமையார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் காரணமில்லாமல் வரவில்லை. நாய் குறுக்கே வந்தால் நிறுத்துவார். காற்றில் ஒரு காகிதப்பை உருண்டு வந்தாலும் என்ன ஏது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பந்து வந்தால் கேட்கவே வேண்டாம். பந்து வந்தால் அதன் பின்னாலேயே பிள்ளை வரும் என்பார். பல நாள் வந்தும் இருக்கிறது. அவர் நிறுத்துவதும் அப்படி அலுங்காமல் இருக்கும், தூங்கிக்கொண்டிருக்கும் பயணி கண்ணைத் திறந்து, “கடைசி ஸ்டாப் வந்துருச்சா?” என்று பக்கத்து ஆளைக் கேட்பார்.

ஆமை என்று யார் கூப்பிட்டாலும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் ஒரு நாள் காலை பேருந்தில் மகளின் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “உங்கப்பா பஸ்ல ஏறினா அடுத்த வகுப்புக்குத்தான் போய்ச் சேருவோம் போல” என்று சொல்ல, வண்டியே சிரித்தது. அவர் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் உட்கார்ந்து வரும் மகள் தலையைக் குனிந்துகொண்டதைக் கண்ணாடியில் பார்த்தார். அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்கு நடந்து போகிறாள். கேட்டதற்கு, “நடந்தா உடம்புக்கு நல்லதுப்பா” என்றாள். ஒரு நாள் சிக்னலைத் தாண்டி அவளும் தோழிகளும் நடந்தே அவர் பேருந்தை முந்திக்கொண்டும் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துபோனது. “சாப்பிட்டியாம்மா?” “ம்.” “ஸ்கூல் எப்படி?” “ம்.” பெற்ற பெண்ணே நம்மை நினைத்துக் கூச்சப்படுகிறாளே என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. இப்படி இருக்கும்போதுதான் அவளே ஒரு காகிதத்தோடு வந்து, “அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று எதிரில் உட்கார்ந்தாள். அதுவும் பேருந்துக் கணக்கு. அவர் பள்ளியில் இயற்பியல் என்றால் கடைசி பெஞ்சுக்குப் போய் ஒளிந்துகொண்ட ஆள்தான். இருந்தாலும் பேருந்தைப் பற்றி இந்த வீட்டில் வேறு யாரைக் கேட்பாள்?

“கணக்கு நானே போட்டுட்டேன்ப்பா,” என்றாள் மகள். “வேகத்தை நொடிக்கு இருபது மீட்டர்னு மாத்தி, அதை வர்க்கமாக்கி, நிறையால பெருக்கி, பாதியாக்கினா இருபது லட்சம் ஜூல் வருது. கடைசிக் கேள்விதான் தெரியல. ஆற்றல் அழியாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அப்ப அது எங்க போச்சு? நீங்க தினமும் பிரேக் பிடிக்கிறீங்கல்ல, பிடிச்சதும் என்னப்பா ஆகும்?”

“அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இந்த டிரைவரைச் சொல்லு.”

மகளின் முகம் மலர்ந்தது. “அது வந்துப்பா, இந்தக் கணக்கை நான்...”

“நீ என்ன பண்ணுவ பாவம். குடுத்தவங்களைச் சொல்லணும். எழுபத்திரண்டுல போறவனை எல்லாம் புத்தகத்துல போட்டா படிக்கிற பிள்ளைங்க என்ன கத்துக்கும்?”

“அந்த டிரைவர் நல்லவர்ப்பா. குழந்தைக்குக் கீறல்கூட இல்ல.”

“அது குழந்தையோட நல்ல நேரம். இவன் என் கையில கிடைச்சான்னா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன்.”

மகள் காகிதத்தை மடித்தாள். பிறகு, “சரி விடுங்கப்பா” என்று எழுந்தாள். நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று ஆமையார் நினைத்தார்.

“எங்க போற? காகிதத்தை எங்கிட்ட குடு. நாளைக்கு டிப்போவுல கேட்டு, மத்தியானம் உன் ஸ்கூல் வழியா வரும்போது வாசல்ல வச்சு சொல்றேன்.”

“நோட்டுல எழுதி வச்சிருக்கேன், கடைசி பீரியட்ல வாசிக்கணும்ப்பா. மறக்காம வருவீங்களா?”

“நான் என்னைக்கு வராம இருந்திருக்கேன்? லேட்டாத்தானே வருவேன்,” என்றார். மகள் சிரிக்கவில்லை.

அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, “பிள்ளை ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்லாம ஆளைத் தேடிக்கிட்டு இருக்கீங்களே” என்றாள். அதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை முதல் நடை ஓட்டி முடித்ததும் காகிதத்தைத் தன் நடத்துனரிடம் காட்டினார். ஓயாமல் விசில் ஊதியதால் இந்த நடத்துனருக்கு விசில் என்றே பெயர். விசில் காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.

“டிக்கெட் எத்தனைண்ணே?”

“டிக்கெட்டைப் பத்தி இதுல இல்ல.”

“பத்தாயிரம் கிலோன்னா வெறும் வண்டி எடைதான் வரும். உள்ள ஆளே இல்லையா? ஆளில்லாம எதுக்கு வண்டியை எடுத்தான்?”

“டிப்போவுக்குத் திரும்புற வண்டியா இருக்கும்.”

“அப்ப சரி. வீட்டுக்குப் போற அவசரம், அதான் எழுபத்திரண்டு,” என்று விசில் கணக்கைத் தன் வரையில் முடித்துக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து, பழுது பார்க்கும் பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்த போர்மேனிடம் குனிந்து படித்துக் காட்டினார்.

“எழுபத்திரண்டா? எந்த வண்டின்னு சொல்லு, போய் ஒரு தரம் பாத்துட்டு வர்றேன்,” என்றார் போர்மேன். “இங்க இருக்குற வண்டிய மலை உச்சியிலேருந்து உருட்டி விட்டாலும் அந்த வேகம் வராது. அதுல குழந்தை மேல படாம வேற நின்னுச்சா? என் பிரேக்கைப் பத்தி யாரோ நல்லதா எழுதியிருக்கான். முதல் தடவை.”

“அந்த ஆற்றல் எங்க போச்சுன்னு கேக்குறாங்களே?”

“எங்க போகும், எல்லாம் என் தலையிலதான் வந்து விடியும்.”

இங்கேயே நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் ஆமையாருக்கு ஆறவில்லை. இரண்டு பேரும் வண்டியைப் பற்றிப் பேசினார்களே தவிர, ஓட்டியவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீக்கடைக்குப் போனார். அங்கே ஓட்டுநர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பொதுவாக வாயே திறக்காத மனிதர், டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளிவிட்டார்.

“எழுபத்திரண்டுல வந்திருக்கான். குழந்தை குறுக்க ஓடியிருக்கு. கடைசி நேரத்துல மிதிச்சு நிறுத்தியிருக்கான். இவனை எல்லாம் சும்மா விடலாமா? நானா இருந்தா அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பேன்.”

டீக்கடைக்குப் பக்கத்துச் சன்னல் டைம்கீப்பருடையது. வண்டி வருவதையும் போவதையும் குறிப்பது அவர் வேலை. அந்தச் சன்னல் வழியாக உள்ளே போகும் எதுவும் மேனேஜர் அறைக்குப் போய்ச் சேராமல் இருந்ததில்லை. அவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“எப்ப நடந்துச்சு?”

“எனக்கே நேத்து சாயங்காலம்தான் தெரியும்,” என்றார் ஆமையார்.

“யாரு சொன்னா?”

“என் பொண்ணு.”

“எழுத்துல இருக்கா?”

“இதோ, பாக்கெட்லயே இருக்கு.”

மூன்றும் உண்மை. தலை உள்ளே போய்விட்டது. ஆமையார் இரண்டாவது டீயைக் குடித்து முடிக்கும் முன் மேனேஜர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

மேனேஜர் மோசமான மனிதர் இல்லை. பாவம், பயந்த மனிதர். மேலிடத்திலிருந்து கேட்கும் முன் நாமே கேட்டுவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் எதையும் கேட்டுக்கொண்டே இருப்பார். இப்போது கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

“டிரைவர் பேரைச் சொல்லுங்க.”

“எந்த டிரைவர் சார்?”

“எழுபத்திரண்டு.”

ஆமையாருக்கு அப்போதுதான் உறைத்தது. “சார், அது கணக்கு சார். என் பொண்ணோட வீட்டுப்பாடம்.”

“டீக்கடையில வேலையை விட்டுத் தூக்கணும்னீங்க. இங்க வந்ததும் வீட்டுப்பாடமா? கூட வேலை பாக்குறவனைக் காட்டிக் குடுக்க வேணாம்னு நினைக்கிறீங்க. நல்ல மனசுதான். காகிதத்தை எடுங்க.”

காட்டினால் தீர்ந்துவிடும் என்று ஆமையார் எடுத்துக் கொடுத்தார். மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது.

“பேரு இல்ல, தேதி இல்ல, கையெழுத்து இல்ல. இது மொட்டைக் கடுதாசி.”

“சார், அது என் பொண்ணு எழுத்து.”

“சின்னப் பிள்ளை எழுதின மாதிரி எழுதியிருக்கான். எழுதுறவன் விவரமானவன். வண்டி எடை வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கான். கடைசியில என்ன கேக்குறான் பாத்தீங்களா? ‘இழந்தது எவ்வளவு, அது எங்கே போனது.’ பொதுஜனம் இப்படிக் கேக்காது. இது மேலிடத்து ஆள் கேக்குற கேள்வி.”

“அது ஆற்றல் சார். இயக்க ஆற்றல்.”

“அதை எல்லாம் அவங்க எப்படி வேணா எழுதுவாங்க. இதுக்கு நான் இன்னைக்கே பதில் ரெடி பண்ணணும். விசாரணை முடியற வரைக்கும் நீங்க வெளிய போக வேணாம். உங்க வண்டிய வேற ஆள் எடுக்கட்டும்.”

இதைக் கேட்டதும்தான் ஆமையாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மத்தியான நடை அவர் கையை விட்டுப் போனால் பள்ளிக்கூட வாசலுக்கு யார் போவது?

“சார், என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல நிப்பா சார்.”

“சாட்சியைத் தனியாச் சந்திக்கக் கூடாது,” என்றார் மேனேஜர்.

கொஞ்ச நேரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அதிவேகமாக வந்து குழந்தைக்கு முன் பிரேக் பிடித்த ஓட்டுநர் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால் எச்சரிக்கையோடு விடப்படுவார், மறைத்தால் நடவடிக்கை கடுமையாக இருக்கும் என்று அதில் இருந்தது. நடக்காத ஒன்றை யார் வந்து ஒப்புக்கொள்ளப் போகிறார்கள், சாயங்காலம் இது தானாக அடங்கிவிடும் என்று ஆமையார் நினைத்தார்.

முதல் ஆள் அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். டிப்போவிலேயே வேகமான ஓட்டுநர், ராக்கெட் என்று பெயர் வாங்கியவன். மேனேஜர் முன்னால் கைகட்டி நின்றான்.

“சார், நான்தான். ஆனா எழுபத்திரண்டு இல்ல, அறுபத்தஞ்சு. அதுவும் குழந்தை இல்ல சார், ஆடு.”

“ஆடு என்ன ஆச்சு?”

“அது ஓடிருச்சு சார். நான்தான் இன்னும் தூங்கல.”

அடுத்து வந்தவர் ஓய்வு பெறப் போகும் பெரியவர். “எந்தக் குழந்தை, எந்த நாளுன்னு ஞாபகம் இல்ல சார். இத்தனை வருஷத்துல எங்கயாவது வந்திருக்கும். எதுக்கும் என் பேரையும் எழுதிக்குங்க,” என்றார். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதாக வந்தவன் மேனேஜரின் சொந்த ஜீப் ஓட்டுநர்.

“நீயுமா? எப்ப?”

“போன மாசம் சார். பாலத்துக்குக் கீழ. ஒரு பொடிப்பய ஓடினான், அடிச்சுப் பிடிச்சு நிறுத்தினேன்.”

“அவ்வளவு வேகமா ஏன் போன?”

“வண்டியில நீங்கதான் சார் இருந்தீங்க. கூட்டத்துக்கு நேரமாச்சு, மிதி மிதின்னீங்க.”

மேனேஜர் இதைக் கேட்கவில்லை என்பதுபோலச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் வியர்த்துவிட்டது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆமையாரின் நிலைமை இன்னும் மோசம். விஷயம் டிப்போ முழுக்கப் பரவிவிட்டது, கண்ணும் காதும் வைத்து. ஆமை யாரையோ பற்றி எழுதிக் கொடுத்துவிட்டதாம், பெண்ணை விட்டு வேவு பார்த்ததாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ராக்கெட் வெளியே வந்து அவர் முன்னால் நின்றான்.

“நாங்க சீக்கிரம் போறது உங்களுக்குப் பொறுக்கலையாண்ணே? ஆமை கடிக்கும்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே.”

“தம்பி, நான் உன்னைச் சொல்லவே இல்லப்பா. அது கணக்கு.”

“அதான் பாக்குறோமே, கணக்குத் தீத்துட்டீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

விசில்கூட அவரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி, இல்லாத பேருந்துக்கு ஒரு விசில் ஊதினார். வருஷக்கணக்கில் ஒரே வண்டியில் போகும் ஆள்.

மத்தியானம் ஆனது. அவருடைய பேருந்து வேறொருவன் கையில் வாசலைத் தாண்டிப் போனது. வேகமாகப் போனது. திருப்பத்தில் டயர் கிறீச்சிட, லேசாக ஒரு கருகல் வாடை வந்தது. பிரேக் சூடேறினால் வரும் வாடை. இறக்கத்தில் ஒவ்வொரு நாளும் அவர் மூக்கில் ஏறும் வாடைதான் அது. அப்போதுதான் ஆமையாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேகம் எங்கே போகும்? பிரேக்குக்குப் போகும், சூடாகப் போகும். இறங்கிச் சக்கரத்துப் பக்கம் கையை நீட்டினால் அனல் அடிக்குமே. இத்தனை வருஷமாக அவர் மூக்குக்குத் தெரிந்த விஷயம் இது. மகள் எதிரில் உட்கார்ந்து ஆசையாகக் கேட்டபோது, சூடாகப் போகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதை விட்டுவிட்டு, காகிதத்தில் போன ஒருவனைத் துரத்திக்கொண்டு டிப்போ முழுக்க ஓடியிருக்கிறார். வாழ்க்கையில் அவர் வேகமாகப் போனது இந்த ஒரு தரம்தான், அதிலும் இப்படி ஆகிவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே பள்ளிக்கூடம் விடும் நேரமும் நெருங்கிவிட்டது. மகள் மத்தியானம் வாசலில் நின்று பார்த்திருப்பாள். பேருந்து வந்திருக்கும், அப்பா இறங்கியிருக்க மாட்டார். சொன்ன வார்த்தையையும் காப்பாற்றத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள். இனி நடந்து போகும்போது முந்திக்கொண்டு போனாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும் சரி, அவரால் ஒன்றும் சொல்ல முடியாது.

அவர் எழுந்து நேராக மேனேஜர் அறைக்குள் போனார். கதவைத் தட்டவில்லை. அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

“சார், பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணுங்க. இயற்பியல் டீச்சரைக் கேளுங்க. அது வெறும் கணக்கு, அந்த டிரைவர் ஒரு ஆளே இல்லன்னு அவங்க வாயால சொல்லட்டும். இல்லன்னா என்ன நடவடிக்கை வேணாலும் என் மேல எடுங்க. இந்த மூணு பேரையும் விட்டுருங்க.”

மேனேஜருக்கும் இதிலிருந்து வெளியே வர ஒரு வழி வேண்டியிருந்தது. ஜீப் ஓட்டுநரின் வாக்குமூலத்தை எழுதினால் தன் பெயரையும் எழுத வேண்டும் என்பது அதற்குள் அவருக்கு விளங்கியிருந்தது. தொலைபேசியை எடுத்து எண்ணைப் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். வாசலில் ராக்கெட், பெரியவர், விசில், பள்ளத்திலிருந்து ஏறி வந்த போர்மேன், எல்லோரும் கூடிவிட்டார்கள். டைம்கீப்பர் மட்டும் சன்னலில் தலையை நீட்டினார், பழக்கதோஷம்.

பள்ளிக்கூடத்தில் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, கடைசியில் டீச்சரின் குரல் வந்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விவரத்தைச் சொன்னார்.

“பஸ் கணக்கா? இப்பத்தான் வகுப்புல வாசிச்சா சார்,” என்றார் டீச்சர். “நல்ல கணக்கு.”

“அது உங்க புத்தகத்துல இருக்குற கணக்குதானே?” என்று கேட்டார் மேனேஜர்.

“இல்லையே.”

ஆமையார் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நீங்க குடுத்ததா?”

“நானும் குடுக்கல சார். புத்தகத்துக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பிள்ளைங்களுக்கும் சலிச்சுப்போச்சு, எனக்கும் சலிச்சுப்போச்சு. அவங்கவங்க கண்ணால பாத்த ஒரு விஷயத்தை வச்சு சொந்தமா ஒரு கணக்கு எழுதிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தேன். இது அவளே எழுதினது.”

“கண்ணால பாத்தது,” என்று மேனேஜர் அழுத்திச் சொல்லி, வாசலில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். “அப்ப இது நடந்திருக்கு.”

“நடந்ததுதான் சார். எங்க ஸ்கூல் வாசல்லயே நடந்தது. ஒரு சின்னப் பிள்ளை பந்துக்குப் பின்னாடி ரோட்டுல ஓடிருச்சு. இவ தோழிங்களோட அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்திருக்கா.”

ராக்கெட் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் ஜீப் ஓட்டுநரைப் பார்த்தார். ஆமையார் யாரையும் பார்க்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒருவனை நிஜமாகவே மாட்டிவிட்டோம், அதுவும் பெற்ற பெண்ணின் கையெழுத்தில், என்று அவர் தலை குனிந்து நின்றார்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

“ஓட்டினது யாருன்னு அந்தப் பொண்ணு சொன்னாளா டீச்சர்?”

“சொல்லாம இருப்பாளா சார், அதைச் சொல்லும்போதுதான் அவ முகத்தைப் பாக்கணும்,” என்றது ஸ்பீக்கர். “‘அது எங்க அப்பா டீச்சர், பஸ்ஸு நிஜமா வந்தது மணிக்கு இருபதுலதான், ஆனா எல்லாரும் அவரை ஆமைன்னு கூப்புடுறாங்க, என் கணக்குலயாவது அவர் வேகமாப் போகட்டும்’னா.”